கல்லும் எலும்பும் ஒரே கணக்கில்

1926-ஆம் ஆண்டு சார்லஸ் மார்ட்டெல் என்ற அமெரிக்க வணிகக் கப்பல் தலைவரின் நோய் நியூயார்க் மருத்துவர்களைத் திகைக்க வைத்தது. சில ஆண்டுகளுக்குள் அவருடைய உயரம் ஏறத்தாழ 18 சென்டிமீட்டர் குறைந்திருந்தது. எலும்புகள் சிறு அடிக்கும் முறிந்தன. சிறுநீரில் வெண்மணல் போன்ற துகள்கள் வெளியேறின. இரத்தத்தில் கால்சியம் இயல்பைக் கடந்து நின்றது. பாராதைராய்டு சுரப்பியில் கட்டி இருக்க வேண்டும் என்று கணித்து அவருடைய கழுத்தை மீண்டும் மீண்டும் திறந்து தேடினர். 1932-இல், ஏழாவது அறுவையில்தான், கட்டி மார்புக்கூட்டினுள் ஒளிந்திருந்தது தெரிந்தது. அதன்பின் சில வாரங்களில், சிறுநீர்க்குழாயில் சிக்கிய கல்லுக்காகச் செய்த சிகிச்சையை ஒட்டி அவர் இறந்தார். எலும்பிலிருந்து கரைந்த கால்சியமே சிறுநீரகத்தில் கல்லாகி அவருடைய உயிரைக் கொண்டுபோயிற்று.

இந்நோயின் அறிகுறிகளை மருத்துவ மாணவர் ஒவ்வொருவரும் 'ஸ்டோன்ஸ், போன்ஸ்' என்று தொடங்கும் எதுகைத் தொடரால் மனப்பாடம் செய்கின்றனர். தேர்வு முடிந்ததும் அவ்விரு சொற்களும் பிரிந்துவிடுகின்றன. ஸ்டோன்ஸ் யூராலஜி துறைக்குச் செல்கிறது. போன்ஸ் எலும்பு அறுவை மருத்துவருக்கோ நாளமில்லாச் சுரப்பியியல் துறைக்கோ செல்கிறது. இந்தியாவில் இந்தப் பிரிவினையின் விலையை நோயாளி கொடுக்கிறார். மேலை நாடுகளில் 1970-களில் தானியங்கி இரத்தப் பகுப்பாய்வுக் கருவிகள் பரவிய பிறகு, பாராதைராய்டு மிகைச் சுரப்பு பெரும்பாலும் எந்த அறிகுறியும் தோன்றுவதற்கு முன்பே, வேறு காரணத்துக்காக எடுத்த இரத்தப் பரிசோதனையில் பிடிபட்டுவிடுகிறது. இந்திய மருத்துவமனைகள் வெளியிடும் நோயாளித் தொகுப்புகளிலோ இன்றும் எலும்பு வலியோடும் முறிவோடும் சிறுநீரகக் கல்லோடும் வருபவர்களே மிகுதி. அவர்களுள் ஏற்கெனவே கல் உடைப்போ கல் அகற்றலோ செய்துகொண்டவர்களும் உண்டு. கல்லை எடுத்த இடத்தில் யாரும் இரத்தக் கால்சியத்தை அளந்திருக்கவில்லை. கல்லை உடைக்கும் செலவின் முன்னே அந்தப் பரிசோதனையின் கட்டணம் கணக்கிலேயே வராது.

பாராதைராய்டு நோய் சிறுபான்மையினருக்கே உரியது என்பது உண்மை. சிறுநீரகக் கல் உள்ளவர்களுள் பெரும்பாலோருக்கு அந்தச் சுரப்பி நலமாகவே இருக்கிறது. ஆனால் அந்தப் பெரும்பாலோரிடத்திலும் கல்லும் எலும்பும் ஒரே கணக்கின் வரவு செலவாகத்தான் இருக்கின்றன. ஆராய்ச்சி அந்தக் கணக்கை இரண்டு ஏடுகளில் எழுதுவதுதான் சிக்கல்.

வளர்ந்த மனித உடலில் ஏறத்தாழ ஒரு கிலோ கால்சியம் இருக்கிறது. அதில் 99 விழுக்காடு எலும்பிலும் பல்லிலும் அடங்கியது. எஞ்சிய ஒரு விழுக்காட்டை வைத்தே தசை சுருங்குகிறது, நரம்பு செய்தி கடத்துகிறது, குருதி உறைகிறது. எனவே இரத்தத்தில் கால்சியம் குறைவதை உடல் ஒருபோதும் அனுமதிப்பதில்லை. உணவிலிருந்து வராவிட்டால் எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். சிறுநீரகம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 10,000 மில்லிகிராம் கால்சியத்தை வடிகட்டி, அதில் 98 விழுக்காட்டைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறது. சிறுநீரில் கழிவது 100 முதல் 250 மில்லிகிராம் மட்டுமே. வடிகட்டும் அளவு அவ்வளவு பெரிது என்பதால் அந்த 98 விழுக்காடு 97-ஆகக் குறைந்தாலே சிறுநீரில் 100 மில்லிகிராம் கூடிவிடும். கல் உருவாகும் வாய்ப்பு உயர்வதும் எலும்பின் இருப்பு கரைவதும் அந்த ஒரே கசிவில்தான் தொடங்குகின்றன.

காரணம் தெரியாமல் சிறுநீரில் கால்சியம் மிகும் இந்நிலைக்கு 1953-இல் ஃபுல்லர் ஆல்பிரைட் குழுவினர் தனிப்பெயர் சூட்டினர். மார்ட்டெலின் சிகிச்சையில் பங்கு கொண்ட அதே ஆல்பிரைட்தான். இத்தகையோருக்குக் கால்சியம் மிகக் குறைந்த உணவைக் கொடுத்துப் பார்த்த சோதனைகளில், அவர்களுள் பலரும் உண்டதைவிட அதிகமான கால்சியத்தைச் சிறுநீரில் வெளியேற்றினர் என்று ஃபிரெட்ரிக் கோ போன்றோர் காட்டினர். உண்ணாத கால்சியம் வேறெங்கிருந்தும் வந்திருக்க முடியாது. எலும்புதான் அதைக் கொடுத்திருக்கிறது.

இந்தப் பின்னணியில் இந்தியாவெங்கும் கல் நோயாளிக்குச் சொல்லப்படும் முதல் அறிவுரையைக் கேட்க வேண்டும்: பாலை நிறுத்துங்கள். தயிரும் கூடாது, பனீரும் கூடாது. உறவினர் சொல்கின்றனர், மருந்துக்கடைக்காரர் சொல்கிறார், சில மருத்துவர்களும் சொல்கின்றனர். தமிழில் கால்சியத்துக்கு வழங்கும் 'சுண்ணாம்புச் சத்து' என்ற சொல்லே இந்த நம்பிக்கைக்கு ஓரளவு துணைபோகிறது. சுண்ணாம்பு என்றதும் சுவரும் கொத்தனாரும் நினைவுக்கு வருகையில், அது சிறுநீரகத்தில் இறுகிக் கல்லாகும் என்று எண்ணுவதில் வியப்பில்லை. வெந்நீர்ப் பானையின் அடியில் படியும் வெள்ளைப் படிவு அந்த எண்ணத்தை நாள்தோறும் உறுதிப்படுத்துகிறது.

குடல் பானையைப் போல் இயங்குவதில்லை. சிறுநீரகக் கற்களுள் பெரும்பான்மை கால்சியம் ஆக்சலேட் கற்கள். உணவில் கால்சியம் போதிய அளவு இருந்தால், அது உணவிலுள்ள ஆக்சலேட்டைக் குடலிலேயே பற்றிக்கொண்டு மலத்தோடு வெளியேறுகிறது. கால்சியத்தைக் குறைத்தால் பிடிப்பாரற்ற ஆக்சலேட் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்துக்கு வந்து சேர்கிறது. பாலக் கீரையில் ஆக்சலேட் மிக அதிகம். அதே கீரையைப் பனீரோடு சேர்த்துச் சமைக்கும் வடநாட்டுச் சமையலறை, வேதியியல் அறியாமலே ஒரு நல்ல காரியத்தைச் செய்துகொண்டிருக்கிறது. கீரையையும் தயிரையும் ஒருவேளை உணவில் சேர்க்கலாகாது என்ற தமிழ்நாட்டு வழக்கத்தைக் கல் நோயாளியேனும் மீறலாம். (தக்காளி விதை சிறுநீரகத்துக்குச் சென்று கல்லாகும் என்ற அச்சத்துக்கும் அடிப்படை இல்லை. தக்காளியில் ஆக்சலேட் குறைவு. விதை குடலைத் தாண்டுவதில்லை.)

இவை ஊகங்கள் அல்ல. 1993-இல் கேரி கர்ஹன் குழுவினர் அமெரிக்காவில் 45,619 ஆண்களை நான்காண்டுகள் தொடர்ந்து கவனித்து வெளியிட்ட ஆய்வில், உணவில் கால்சியத்தை மிக அதிகம் உட்கொண்டவர்களுக்குக் கல் வரும் வாய்ப்பு, மிகக் குறைவாக உட்கொண்டவர்களைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. 2002-இல் இத்தாலியின் பார்மா நகரில் லொரிஸ் போர்கி குழுவினர், மீண்டும் மீண்டும் கல் வந்த 120 ஆண்களை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினருக்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் கால்சியம். மறு பிரிவினருக்கு 1,200 மில்லிகிராம், ஆனால் உப்பும் விலங்குப் புரதமும் குறைவு. ஐந்தாண்டு முடிவில் கால்சியம் குறைத்த 60 பேரில் 23 பேருக்கு மீண்டும் கல் வந்தது; மறு பிரிவில் 12 பேருக்கு மட்டுமே. இந்தச் சோதனை மூன்று கூறுகளை ஒருசேர மாற்றியதால், பலன் முழுவதையும் கால்சியத்தின் கணக்கில் எழுத இயலாது என்பதைக் கவனமான வாசகர் சுட்டிக்காட்டலாம். சுட்டிக்காட்டவும் வேண்டும். ஆயினும் பாலை நிறுத்துவது கல்லைத் தடுக்கும் என்ற கூற்றுக்கு அதில் இடமே இல்லை. அந்த முடிவு வெளிவந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது.

பாலை நிறுத்தச் சொல்பவர் உப்பைப் பற்றிப் பெரும்பாலும் பேசுவதில்லை. ஏறத்தாழ ஆறு கிராம் உப்பில் உள்ள சோடியம் சிறுநீரக வழியே வெளியேறும்போது, தன்னோடு 40 மில்லிகிராம் கால்சியத்தையும் இழுத்துச் செல்கிறது. ஆண்டுக்கு அது 14 கிராமுக்கு மேல். அதற்கு ஈடாகக் குடல் சிறிது கூடுதலாக உறிஞ்சக்கூடும்; உணவிலேயே கால்சியம் குறைவாக இருப்பவருக்கு அந்த ஈடும் கிடைக்காது. இந்தியரின் உப்பு நுகர்வு, உலக நல நிறுவனம் வகுத்த ஐந்து கிராம் வரம்பை நன்றாகவே மீறி நிற்கிறது. ஊறுகாயையும் அப்பளத்தையும் தொடாமல் பாலை மட்டும் தடைசெய்யும் அறிவுரை, கசியும் குழாயை விட்டுவிட்டு நீர் வரும் வாய்க்காலை அடைப்பதற்கு ஒப்பாகும்.

மாத்திரையின் கதை வேறு. பெண்களிடம் நடத்திய ஆய்வைக் கர்ஹன் குழுவினர் 1997-இல் வெளியிட்டபோது, உணவில் வரும் கால்சியம் கல்லைக் குறைத்தது. மாத்திரையாக உட்கொண்ட கால்சியம் ஏறத்தாழ 20 விழுக்காடு கூட்டியது. மாதவிடாய் நின்ற 36,282 பெண்கள் பங்கேற்ற அமெரிக்கச் சோதனையின் 2006-ஆம் ஆண்டு முடிவில், கால்சியமும் வைட்டமின் டியும் பெற்ற பிரிவில் இடுப்பெலும்பின் அடர்த்தி சற்றே உயர்ந்தது. இடுப்பு முறிவு ஐயத்துக்கிடமின்றிக் குறையவில்லை. கல் மட்டும் 17 விழுக்காடு கூடியது. உணவோடு சேராமல் வெறும் வயிற்றில் விழும் மாத்திரைக்குக் குடலில் பற்றிக்கொள்ள ஆக்சலேட் அகப்படுவதில்லை என்பது ஒரு விளக்கம். ஆகவே கல் நோயாளியின் அச்சத்தில் ஒரு துளி நியாயம் உண்டு. அந்த அச்சம் தவறான பொருளின் மேல் விழுந்திருக்கிறது: பாலை அஞ்சுபவரே எலும்பு வலிக்கு எழுதித் தந்த கால்சியம் மாத்திரையையும், வாரம் ஒருமுறை 60,000 அலகு வைட்டமின் டிப் பொடியையும் ஐயமின்றி உட்கொள்கிறார். அந்தப் பொடியை மாதக்கணக்கில் நிறுத்தாமல் உட்கொண்டு இரத்தக் கால்சியம் ஏறிச் சிறுநீரகம் பழுதாகி வருபவர்களைப் பற்றி இந்திய மருத்துவ இதழ்கள் திரும்பத் திரும்ப எழுதுகின்றன.

கல்லை நோக்கும் மருத்துவர் பாலை நிறுத்துகிறார். எலும்பை நோக்கும் மருத்துவர் மாத்திரை கொடுக்கிறார். ஒரே உடல் இரண்டு சீட்டுகளோடு வீடு திரும்புகிறது. இதற்கு மருத்துவரை மட்டும் குறைசொல்வது நேர்மையாகாது. புறநோயாளிப் பிரிவில் ஒரு நோயாளிக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். வலியால் துடிப்பவரிடம் எலும்பு அடர்த்தியைப் பற்றிப் பேச அது தருணமும் அன்று. இரு சீட்டுகளையும் ஒன்றாக்கும் பொறுப்பு ஆராய்ச்சிக்கு உரியது. இந்தியப் பல்கலைக்கழகங்களில் கல் பற்றிய ஆராய்ச்சி எதைச் செய்துகொண்டிருக்கிறது என்பதுதான் இங்கு கேட்க வேண்டியது.

உயிர்வேதியியல், மருந்தியல் துறைகளில் பயில்வோர் இந்த ஆய்வேட்டின் அமைப்பை அறிவர். வாகன ரேடியேட்டரில் குளிர்விப்பானாக ஊற்றப்படும் எத்திலீன் கிளைக்காலை 0.75 விழுக்காடு குடிநீரில் கலந்து, 28 நாள்கள் விஸ்டார் எலிகளுக்குக் கொடுக்கின்றனர். கல்லீரல் அதை ஆக்சலேட்டாக மாற்றுகிறது. சிறுநீரகத்தில் படிகங்கள் படிகின்றன. பிறகு ஒரு மூலிகைச் சாறு. சிறுபீளை, நெருஞ்சில், மாவிலங்கம், வாழைத்தண்டு என்று ஆய்வேட்டுக்கு ஆய்வேடு மூலிகை மாறுகிறது. எத்திலீன் கிளைக்கால் மாறுவதில்லை. கிரியாட்டினின் குறைந்தது, திசுச் சீவலில் படிகம் குறைந்தது, எனவே சாறு கல்லைக் கரைக்கும் என்று முடிவுரை எழுதப்படுகிறது. மரபு மருத்துவத்தைச் சோதித்துப் பார்ப்பதில் பிழையில்லை; அது தேவையும்கூட. பிழை சோதனையின் தேர்வில் இருக்கிறது. நச்சினால் ஒரு மாதத்துக்குள் ஆக்சலேட்டை வெள்ளமாய்ப் பெருக்கிய எலிக்கும், சிறுநீரில் கால்சியம் சிறுகச் சிறுக மிகுந்து பல ஆண்டுகளில் கல் கண்ட மனிதருக்கும் இடையே பொதுவாக இருப்பது படிகம் ஒன்றே. கால்சியத்தின் வரவு செலவு அந்தச் சோதனையில் இடம்பெறுவதே இல்லை. இருபத்தொன்பதாம் நாள் சிறுநீரகம் ஃபார்மலினுக்குப் போகிறது. தொடை எலும்பு எஞ்சிய உடலோடு மஞ்சள் பைக்குப் போகிறது. அந்த எலும்பை யாரேனும் அளந்திருந்தால் வேறொரு ஆய்வேடு கிடைத்திருக்கும்.

வேறு வழி இல்லாமலும் இல்லை. நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டரில் டேவிட் புஷின்ஸ்கி, சிறுநீரில் கால்சியம் மிகுதியாகக் கழியும் எலிகளையே தேர்ந்து தலைமுறை தலைமுறையாக இணைசேர்த்தார். நாளடைவில் அந்தப் பரம்பரையில் நஞ்சு எதுவுமின்றியே கல் தோன்றியது. அவற்றின் எலும்புகளை ஆராய்ந்தபோது அடர்த்தி குறைந்து, எளிதில் முறிவனவாக இருந்தன. மனிதரிடத்தில் இதற்கு இணையான சான்று இன்னொரு ராச்செஸ்டரிலிருந்து, மினசோட்டா மாநிலத்து நகரிலிருந்து, 1998-இல் வந்தது: கல் நோய் கண்டவர்களுக்குப் பிற்காலத்தில் முதுகெலும்பு முறிவு, எதிர்பார்ப்பைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு. இரண்டு ராச்செஸ்டர்களையும் குழப்பிக்கொண்டு மேற்கோள் காட்டும் கட்டுரைகள் தனிக்கதை.

உணவையும் கல்லையும் ஒன்றாகப் பார்த்த மரபு இந்தியாவுக்குப் புதிதன்று. ஒரு நூற்றாண்டுக்கு முன் குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் அதைச் செய்தார். பெரிதும் தானியத்தையே நம்பிய உணவில் அவருடைய எலிகளுக்குச் சிறுநீர்ப்பைக் கற்கள் தோன்றின. உணவில் பால் சேர்ந்தபோது தவிர்ந்தன. அன்று வட இந்தியச் சிற்றூர்க் குழந்தைகளை வாட்டிய சிறுநீர்ப்பைக் கல் வேறு வகை, அதன் வேதியியலும் வேறு. அந்த முடிவை இன்றைய சிறுநீரகக் கல்லின்மேல் அப்படியே ஏற்றக் கூடாது. ஆனால் நோயாளி என்ன உண்கிறார் என்பதிலிருந்து கேள்வியைத் தொடங்கிய முறை இன்றைய எத்திலீன் கிளைக்கால் ஆய்வேடுகளில் காணாமற் போயிருக்கிறது. அந்தக் குன்னூர் ஆய்வகமே 1958-இல் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்து இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. அந்நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் 2010-இல் வளர்ந்தோருக்குப் பரிந்துரைத்த கால்சியம் நாளொன்றுக்கு 600 மில்லிகிராம். 2020-இல் அது 1,000 மில்லிகிராமாக உயர்த்தப்பட்டது. ஏழைக் குடும்பத்தின் தட்டில் அதில் எவ்வளவு விழுகிறது என்பதை ஒரு கணம் எண்ணிப் பார்த்தபின், அந்தத் தட்டிலிருந்து அரை டம்ளர் தயிரையும் கல்லின் பெயரால் எடுத்துவிடச் சொல்வதன் பொருள் விளங்கும். கேழ்வரகு 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் தருகிறது. அதிலேயே ஆக்சலேட்டும் ஃபைட்டேட்டும் உள்ளன. உடலுக்கு நிகரமாகச் சேர்வது எவ்வளவு, கல் நோயாளிக்கு அது நன்மையா தீமையா என்பது ஒரு முனைவர் பட்டத்துக்கு உரிய கேள்வி. எலி தேவையில்லை, மூலிகையும் தேவையில்லை.

அத்தகைய ஆய்வுக்கு வேண்டியவை இரண்டு அளவைகள்: கல் வந்த ஒருவரின் 24 மணிநேரச் சிறுநீர்ப் பகுப்பாய்வு, அதே மனிதரின் எலும்பு அடர்த்தி. முன்னது யூராலஜியிலும் பின்னது எலும்பியலிலும் கிடைப்பதால், ஒரே வளாகத்தில் இருந்தும் இவ்விரண்டு எண்களும் ஒரே தாளில் எழுதப்படுவது அரிது. நெறியாளர் இருவர், துறைகள் இரண்டு, நெறிமுறைக் குழு விண்ணப்பத்தில் கூடுதலாக ஒரு கையொப்பம். அந்தக் கையொப்பத்தைப் பெறும் தொல்லைக்கு அஞ்சியே எத்தனையோ மாணவர்கள் எலியிடம் திரும்பியிருப்பர்.

24 மணிநேரச் சிறுநீரைச் சேகரிப்பது சொல்வதுபோல் எளிதன்று என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் நாள் காலையின் முதல் சிறுநீரை விட்டுவிட்டு, அதன்பின் ஒவ்வொரு துளியையும் கேனில் சேர்த்து, மறுநாள் காலையின் முதல் சிறுநீரோடு முடிக்க வேண்டும். கால்சியம் படிந்துவிடாதிருக்க அமிலம் இட்டிருப்பார்கள். கேனை வெயிலில் வைக்கக் கூடாது. ஒரே அறை வீட்டில் அதை வைக்கும் இடம், வேலைக்குச் செல்லும் வழியில் அதைச் சுமக்கும் கூச்சம், பேருந்தில் அதை மடியில் வைத்துக்கொண்டு மருத்துவமனைக்கு வருதல் ஆகியவற்றை எந்தச் செய்முறைக் குறிப்பும் எழுதுவதில்லை. கல் மீண்டும் வராதிருக்க நாளொன்றுக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் வெளியேற வேண்டும் என்று வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன. கழிப்பறை இல்லாத பணியிடத்தில், விடிந்தது முதல் பொழுது சாயும் வரை தண்ணீரைத் தவிர்க்கும் கட்டட வேலைப் பெண்ணின் கேனில் அதில் பாதியாவது சேருமா என்பதை அளந்து பார்ப்பதிலிருந்து அந்த ஆய்வு தொடங்கலாம்.